பெரிப்பா போட்ட செலக்‌ஷன்

"சார், உங்களுக்கு ரெட் வேணாம், துவர்க்கும். ஸ்வீட்டா ஒண்ணு தரட்டுமா?"

பிப்ரவரியில சென்னை நந்தம்பாக்கத்துல தோல் கண்காட்சி முடிஞ்ச ராத்திரி. எங்க பிரெஞ்சு பையர் (வெளிநாட்டுலேர்ந்து ஷூ வாங்க வர்றவங்களை எங்க தொழில்ல பையர்னுதான் சொல்லுவோம்) ஒரு பெரிய ஹோட்டல்ல விருந்து குடுத்தார். அவருக்கு ஒண்ணும் கேக்காம ரெட் வைன் ஊத்தினாங்க. என் பக்கம் வந்தப்ப மட்டும் இந்தக் கேள்வி.

கேட்டவர் நல்ல மனசோடதான் கேட்டார். ஆனாலும் எனக்கு சுருக்குனு இருந்துச்சு.

வேலூர்க்காரன்கிட்ட வந்து துவர்க்கும்னு சொல்றதா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைனு பாலாத்தை ஒட்டி எத்தனை டேனரி (தோல் பதம் பண்ற பட்டறை)! குரோம் உப்புல பதம் பண்ற முறை வர்றதுக்கு முன்னாடி அத்தனையும் ஓடினது துவர்ப்பாலதான். ஆவாரம்பட்டை, கடுக்காய், அப்புறம் வாட்டில் பட்டை. தோல் அழுகாம, தண்ணி பட்டா விறைக்காம, நூறு வருஷம் ஆனாலும் தோலாவே இருக்கறதுக்குக் காரணம் அந்தப் பட்டையில இருக்கற டானின். ரெட் வைன்ல நாக்கைப் பிடிக்கறதும் அதே டானின்தான்.

அன்னிக்கு நான் ரெட்டே வாங்கிக் குடிச்சேன். ஆனா அந்தக் கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. துவர்ப்பை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரை உக்கார வெச்சு, விலை கம்மியான பிரெஞ்சு வைன் நாலஞ்சை சுவைக்கக் குடுத்தா என்ன சொல்லுவார்?

அப்படி ஒருத்தர் எங்க வீட்டுலயே இருக்கார். எங்க பெரிப்பா.

38 வருஷம் வாணியம்பாடியில டேனரி வேலை. சின்ன வயசுல பட்டைக் குழியில இறங்கினவர், கடைசி பத்து வருஷம் செலக்‌ஷன் பாத்தார். (தெரியாதவங்களுக்கு: பதம் பண்ணின தோலை தரம் பிரிக்கறதுக்கு எங்க ஊர்ல செலக்‌ஷன்னு பேர். மேசை மேல தோலை விரிச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு, கட்டை விரலால ஒரு தடவு. கீறல், உண்ணிக் கடி, அம்மைத் தழும்பு, சூட்டுக்குறி எல்லாம் ரெண்டு நொடியில கண்ணுல பட்டுடும். ஒண்ணாம் செலக்‌ஷன், ரெண்டாம் செலக்‌ஷன்னு சொல்லிட்டே அடுக்கு மாத்திப் போட்டுட்டுப் போவாங்க.)

நான் சின்னப் பையனா இருந்தப்ப பெரிப்பா வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே கடுக்காய் வாசனை வந்துடும். அவர் உள்ளங்கை எப்பவும் காப்பித்தூள் நிறத்துலதான் இருக்கும். சோப்பு போட்டாப் போகாது. ரிட்டயர் ஆகி ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் அந்த நிறம் வெளுத்துச்சு.

அவர் குடிக்கிற ஆள் இல்ல. கிறிஸ்மஸுக்கு பெரிம்மா ஜாடியில போடற கருப்பு திராட்சை வைன்தான் அவருக்குத் தெரிஞ்ச ஒரே வைன். சக்கரை, பட்டை, கிராம்பு போட்டு, துணி கட்டி, தினம் ஒரு தடவை மரக்கரண்டியால கிளறி, வடிகட்டி, கேக்கோட ஒரு சின்ன கிளாஸ். தேன் மாதிரி இனிக்கும். நம்மள்ல பாதிப் பேருக்கு வைன்னா இனிப்புங்கற நினைப்பு அங்கேர்ந்துதான் வந்துச்சு. அந்த ஹோட்டல்காரரும் அதை நெனச்சுத்தான் கேட்டிருப்பார்.

*

இடம் எங்க?

வேலூர்ல முடியாது. நம்ம மாநிலத்துல 2003-லேர்ந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில. பெரிய ஊர்ல எலீட் கடையில வெளிநாட்டு வைன் ஒண்ணு ரெண்டு கிடைக்கும், விலையைப் பாத்தா கை பின்னாடி போயிடும். வைனுக்கு நம்ம நாட்டுல சுங்க வரியே 150 சதவீதம்னு ரொம்ப வருஷமா இருந்துச்சு. அது மேல மாநில வரி வேற. பிரான்ஸ்ல 5 யூரோவுக்கு சூப்பர் மார்க்கெட்ல அடுக்கி வெச்சிருக்கற பாட்டில் இங்க வர்றப்ப கல்யாணச் சரக்கு ஆயிடுது.

அதனால புதுச்சேரி. வரி வேற, கடைகள் வேற, பிரெஞ்சு பாட்டில் அலமாரி நிறைய இருக்கும். அங்க முத்தியால்பேட்டையில எங்க அக்கா வீடு இருக்கு. ஒரு சனி ஞாயிறு பெரிப்பாவைக் கூட்டிட்டுக் கெளம்பினேன். டிக்கியில சீரகச்சம்பா அரிசி, ஒரு கூடை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஒரு டப்பா ஆற்காடு மக்கன் பேடா.

(ஒரு விஷயம் மறக்காதீங்க. புதுச்சேரியில வாங்கினதை அங்கயே முடிச்சுட்டு வாங்க. எல்லையைத் தாண்டி எடுத்துட்டு வந்தா சட்டப்படி குத்தம், செக்போஸ்ட்ல பிடிப்பாங்க. வெளிநாட்டுலேர்ந்து விமானத்துல வர்றவங்க ஆளுக்கு 2 லிட்டர் வரி இல்லாம கொண்டு வரலாம். அந்த வழியில போன தடவை பிரான்ஸ் போனப்ப வாங்கின ஒரு பாட்டில் மட்டும் எங்கிட்ட இருந்துச்சு. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.)

குடிப்பழக்கத்தால சிதறிப்போன குடும்பங்களை எங்க தெருவுலயே நான் பாத்திருக்கேன். அந்த வலி தெரிஞ்சுதான் இதை எழுதறேன். வைன்ல 12 லேர்ந்து 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கு, அது விளையாட்டு இல்ல. அதனால நாங்க போட்டுக்கிட்ட கட்டுப்பாடு: ஒரு வைன்ல ரெண்டு மடக்கு, வாயில சுழட்டிப் பாத்துட்டுத் துப்பணும். ரெண்டு நாள்ல ஏழு பாட்டில். மிச்சத்தை மாமாவோட (அக்கா வீட்டுக்காரர்) நண்பர்களுக்குக் குடுத்துடணும்.

துப்பறதுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப அக்கா உள்ள போய் அவங்க மாமியாரோட பித்தளைப் படிக்கத்தை எடுத்துட்டு வந்தாங்க. வெத்தலை போட்ட காலத்துது. புளி போட்டுத் தேச்சு பளபளனு இருந்துச்சு. பிரான்ஸ்ல வைன் கிடங்குல இதே வேலைக்குப் பாத்திரம் வெச்சிருப்பாங்க. நம்ம வீட்டுப் படிக்கம் அதைவிட அழகு.

பெரிப்பா அதைப் பாத்துட்டு, "பாக்குத் துவர்ப்புக்கு வெச்சது, திராட்சைத் துவர்ப்புக்கும் ஆகும்" அப்படின்னார்.

*

முதல்ல வெள்ளை. எப்பவும் வெள்ளையில ஆரம்பிச்சு ரெட்டுக்குப் போங்க. வெள்ளை வைனுக்கு திராட்சையைப் பிழிஞ்ச உடனே தோலை எடுத்துடுவாங்க. ரெட்டுக்கு சாறும் தோலும் கொட்டையும் சேந்து நாள் கணக்கா ஊறும். நிறம் அந்தத் தோல்லேர்ந்துதான் இறங்குது, துவர்ப்பு தோல், கொட்டை ரெண்டுலேர்ந்தும். இதை பெரிப்பாகிட்ட சொன்னப்ப ஒரு நிமிஷம் பேசல.

"அப்ப அங்கயும் தோல்தான் விஷயம்" அப்படின்னார்.

முதல் பாட்டில் மஸ்காடே. லுவார் ஆறு அட்லாண்டிக் கடல்ல சேர்ற பக்கத்துது. அந்தப் பக்கத்துல ஷோலேனு ஒரு ஊரைச் சுத்தி ஷூ கம்பெனிகள் நிறைய உண்டு, அதனாலயே எனக்கு இந்த வைன் மேல ஒரு பாசம். லேபிள்ல 'சூர் லீ'னு போட்டிருந்தா, நொதிச்ச பிறகு அடியில தங்கற ஈஸ்ட் மண்டி மேலயே குளிர்காலம் முழுக்க வெச்சிருந்து பாட்டில்ல அடைச்சதுன்னு அர்த்தம். தோசை மாவு பொங்கினா வருமே லேசா ஒரு வாசனை, அது கிட்டத்துல மூக்கை வெச்சா தெரியும்.

பெரிப்பா: "எலுமிச்சம்பழம் கழுவின தண்ணி. மூணாம் செலக்‌ஷன்."

அதுக்குள்ள அக்கா நெத்திலி வறுத்து எடுத்துட்டு வந்தாங்க. நாலு நெத்திலி தின்னுட்டு மறுபடி ஒரு மடக்கு. பெரிப்பா முகம் மாறிடுச்சு. எண்ணெயை அப்படியே கழுவி விட்டுட்டு அடுத்த நெத்திலிக்கு வாயைத் தயார் பண்ணுது அந்த வைன். "ரெண்டாம் செலக்‌ஷன்னு எழுதிக்கோ. மீன் இருந்தா ஒண்ணு."

இதுதான் எனக்கு முதல் பாடம். வைனைத் தனியா வெச்சு மார்க் போடறதுல அர்த்தமே இல்ல. ஊறுகாயைத் தனியாத் தின்னு யாராவது மார்க் போடுவாங்களா?

ரெண்டாவது பிக்பூல் தெ பினே. தெக்குப் பிரான்ஸ்ல, மத்தியதரைக் கடலை ஒட்டின லாங்குதோக் பகுதி. உயரமா, ஒல்லியா, பச்சை பாட்டில். இதுலயும் புளிப்பு உண்டு, ஆனா வெயில்ல பழுத்த புளிப்பு. மஸ்காடே எலுமிச்சைன்னா இது சாத்துக்குடி. கத்திரிக்காய் புளி போட்டு செஞ்ச தொக்கோட இது நின்னுச்சு. அது சாதாரண விஷயம் இல்ல. சாப்பாட்டுல இருக்கற புளிப்பு வைனை விட தூக்கலா இருந்தா வைன் சப்புனு ஆயிடும். நம்ம சாப்பாட்டுல புளி இல்லாத நாளே கிடையாதே! அதனால புளிப்பு தைரியமா இருக்கற வெள்ளை வைனாப் பாத்து வாங்குங்க. ஒண்ணாம் செலக்‌ஷன்.

மூணாவது அல்சாஸ். ஜெர்மனி எல்லையை ஒட்டின பகுதி. திராட்சையோட பேர் கெவுர்ஸ்ட்ராமினர். (ரெண்டு நாளும் பெரிப்பா 'ராமன்'னே சொன்னார், நானும் திருத்தல.) மூடியைத் திறந்ததும் அக்கா எழுந்து வந்துட்டாங்க. பன்னீர் ரோஜா! கல்யாண வீட்டு வாசல்ல சொம்புலேர்ந்து தெளிப்பாங்களே, அதே வாசனை. வாயில லேசா இனிப்பு, கூடவே லிச்சிப் பழம்.

பிரியாணிக்கு இதுதான்னு நான் முன்னாடியே படிச்சிருந்தேன். நம்பல. ராத்திரி அக்கா ஆம்பூர் முறையில செஞ்ச மட்டன் பிரியாணியோட (காஞ்ச மொளகா அரைச்ச விழுது, தயிர், சீரகச்சம்பா, மேல நெருப்பு) குடிச்சுப் பாத்த பிறகு நம்பறேன். மொளகா காரத்துக்கு லேசான இனிப்பு இதமா இருக்கு. புதினாவும் அந்த ரோஜா வாசனையும் ஒண்ணையொண்ணு தூக்கி விடுது. விலை மத்த வெள்ளையை விட கொஞ்சம் கூட. பரவால்ல. ஒண்ணாம் செலக்‌ஷன், அக்காவோட தனி வோட்டோட.

*

நடுவுல லேபிள் பத்தி ரெண்டு வார்த்தை. கடையில நிக்கறப்ப எல்லாரும் இங்கதான் குழம்பறாங்க.

பிரெஞ்சுக்காரங்க பெரும்பாலும் திராட்சை பேரைப் போடமாட்டாங்க, ஊர் பேரைத்தான் போடுவாங்க. போர்தோன்னா ஊர். ஷாப்லின்னா ஊர். ஒரு ஊர் பேர்ல விக்கணும்னா எந்தத் திராட்சை, எப்படி வளக்கணும், ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கலாம்னு எல்லாம் சட்டம். 1935-ல அதுக்குன்னே ஒரு அமைப்பு வெச்சாங்க. நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க இல்லையா, அதே கதைதான். அணைக்கட்டுப் பக்கத்து மண்ணுல வெளைஞ்சாத்தான் அந்தக் கத்திரிக்காய். மண்ணுக்கு ருசி உண்டுன்னு எங்க ஊர்ப் பாட்டிகளுக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தரல.

ஏமாறாதீங்க: 'கிராண்ட் வான் தெ போர்தோ'னு தங்க எழுத்துல போட்டிருந்தா அது தரச் சான்று இல்ல, வெறும் அலங்காரம். 'ரிசர்வ்'ங்கற வார்த்தைக்கும் பிரான்ஸ்ல பெருசா சட்ட அர்த்தம் கிடையாது. கோட்டை படம் போட்டதெல்லாம் கோட்டையில செஞ்சது இல்ல.

விலை கம்மியான பாட்டில்ல பழசுக்கு மதிப்பு கிடையாது. நாலு வருஷத்துக்கு உள்ளதா எடுங்க. வெள்ளைன்னா ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள.

அப்புறம் கார்க்கைத் தடவிப் பாருங்க. இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். ஒரு கடையில (பேர் வேணாம்) மேல் தட்டுல, வெயில் விழற ஜன்னலோரம் நின்ன போர்தோவை வாங்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து பாத்தா மூடி மேல தகடு லேசா உப்பியிருக்கு. சூட்டுல வைன் விரிஞ்சு கார்க்கை மேல தள்ளியிருக்கு. திறந்தா ஜாம் அடிப்பிடிச்ச வாசனை. பெரிப்பா மூக்குகிட்ட கொண்டு போய்ட்டு, கிளாஸை அப்படியே கீழ வெச்சார்.

"சூடு பட்ட சரக்குடா. எத்தனை பாலீஷ் போட்டாலும் தேறாது. ரிஜெக்ட்."

கீழ்த் தட்டுல, நிழல்ல, படுத்து இருக்கற பாட்டிலா எடுங்க.

*

ரெட்டுக்கு வருவோம்.

'ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்'னு எல்லாரும் சொல்றது பிரான்ஸ் ரூமுக்கு. அங்க அந்தக் காலத்துக் கல்லு வீட்டுல 16, 17 டிகிரிதான் இருக்கும். எங்க ஊருக்கு வெயிலூர்னே பேர், மே மாசம் 40 டிகிரியைத் தாண்டற ஊர். அந்தச் சூட்டுல ரெட்டை ஊத்தினா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைங்க. கூச்சமே படாதீங்க. போஜோலேன்னா ஒரு மணி நேரம்.

போஜோலே வில்லாஜ்தான் முதல் ரெட். லியோன் நகரத்துக்கு வடக்க, கமேங்கற திராட்சை. துவர்ப்பு ரொம்பக் கம்மி. ஜில்லுனு ஒரு மடக்கு குடிச்சதும் மாமா சொன்னார்: "நாவல்பழம்!"

ஆமா, அப்படியே நாவல்பழம். உப்புல குலுக்கின நாவல்பழத்தைத் தின்னுட்டு நாக்கை நீட்டிப் பாத்துக்குவோமே, அந்த நிறம், அந்தப் பிடிப்பு. ரெட் வைன் முதல் தடவை குடிக்கறவங்க யாரா இருந்தாலும் போஜோலேல ஆரம்பிங்க. ஒண்ணாம் செலக்‌ஷன். பிரியாணியோடவும் தடுமாறல.

அடுத்தது கோத் து ரோன். ரோன் ஆத்தோரம். கிரெனாஷ், சிரா திராட்சையெல்லாம் கலந்து செய்யறது. இங்கதான் பெரிப்பா நிமிந்து உக்காந்தார்.

ஒரு மடக்கு. வாயில சுழட்டினார். கண்ணை மூடினார். படிக்கத்துல துப்பினார். நாக்கால அண்ணத்தைத் தடவினார்.

"டேய், இது கடுக்காய்த் தண்ணி."

எல்லாரும் சிரிச்சோம். அவர் சிரிக்கல.

"நெசமாத்தான். பட்டையில ஊறி வந்த தோலைக் கடைசியா கடுக்காய்த் தண்ணில போடுவோம். அப்பத்தான் நிறம் செவக்காம நிக்கும். அந்தத் தண்ணி பதமா இருக்கான்னு நாங்க எப்படிப் பாப்போம்? விரலை விட்டு நாக்குல வெச்சுத்தான். மீட்டர் எல்லாம் அப்புறம் வந்தது. இது நல்லா ஊறின கடுக்காய். மெளகு வாசனையும் இருக்கு."

மெளகு! வைன் புத்தகங்கள் எல்லாம் சிரா திராட்சைக்கு மெளகு வாசனைன்னு எழுதியிருக்கும். பெரிப்பா அதுல ஒரு புத்தகத்தைக்கூடத் தொட்டதில்ல.

நான் 2017-ல கம்பெனி வேலையா அந்த ரோன் பக்கம் போயிருக்கேன். ரோமான்-சூர்-இஸேர்னு ஒரு ஊர். இஸேர் ஆத்தங்கரை, ஒரு காலத்துல கரை முழுக்க டேனரி, அப்புறம் ஷூ கம்பெனி. சார்ல் ஜூர்தான் மாதிரி பெரிய பேரெல்லாம் அங்க முளைச்சதுதான். இப்ப கம்பெனிகள் பெரும்பாலும் மூடிட்டாங்க, பழைய கன்னிமாடத்துல ஷூவுக்குன்னு ஒரு அருங்காட்சியகம் இருக்கு. ஆத்துப் பாலத்துல நின்னப்ப ஆம்பூர்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு. அங்கேர்ந்து அரை மணி நேரம் போனா எர்மிதாஜ் மலை, சிரா திராட்சைத் தோட்டம். தென்மேற்குப் பிரான்ஸ்ல கிராயூலேனு இன்னொரு தோல் ஊர், பக்கத்துலயே கையாக்னு வைன் ஊர். தோல் ஊரும் வைன் ஊரும் அங்க அக்கம்பக்கத்து வீடு மாதிரி.

டானின்ங்கற வார்த்தையே அவங்க டேனரியிலேர்ந்து வந்ததுதான். ஓக் மரப் பட்டையை இடிச்ச தூளுக்கு பிரெஞ்சுல 'தான்'னு பேர். ஓக் பட்டையில தோல் பதம் பண்ணுவாங்க, ஓக் கட்டையில வைன் பீப்பாய் செய்வாங்க. ஒரே மரம்.

அவங்க அந்தச் சுவையைச் சொல்ல டேனரியில கடன் வாங்கினாங்க. நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல. அறுசுவையில ஒண்ணா துவர்ப்பை வெச்சு, வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய், மாதுளைத் தோல்னு குழந்தையிலேயே நாக்குக்குக் காட்டிடறோம். கசப்பு வேற, துவர்ப்பு வேறன்னு நம்ம ஊர்ல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். இதை விட்டுட்டு வைன் சுவைக்க இன்னொரு பாஷை எதுக்கு?

கோத் து ரோன்: ஒண்ணாம் செலக்‌ஷன். ஆனா தனியா இல்ல, மட்டன் சுக்காவோட.

ரிஜெக்ட் ஆனதுக்குப் பதிலா மறுநாள் வேற கடையில ஒரு போர்தோ வாங்கினோம். மெர்லோ கூடவும் கேபர்னே கம்மியாவும் கலந்தது. ஒழுங்கான வைன்தான், ஆனா பிரியாணியோட சேரவே இல்ல. கட்டித் துவர்ப்பும் ஆல்கஹாலும் மொளகா காரத்தைத் தூண்டி விடுது, வாய் எரியுது. அது போதாதுன்னு மாமா மக்கன் பேடாவைத் தின்னுட்டு ஒரு மடக்கு குடிச்சார். ஆற்காடு பேடாவோட ஜீராவுக்கு முன்னாடி அந்த வைன் வேப்பங்கொழுந்தா மாறிடுச்சு. இனிப்புப் பலகாரத்தோட உலர்ந்த வைன் எதையும் வெக்காதீங்க, பாவம் ரெண்டும். மூணாம் செலக்‌ஷன். காரமில்லாம உப்பு மெளகு மட்டும் போட்டு சுட்ட கறியோட குடுத்தப்ப ரெண்டுக்கு ஏறுச்சு.

*

கடைசி பாட்டில், நான் பிரான்ஸ்லேர்ந்து பெட்டியில துணி சுத்திக் கொண்டு வந்தது. 8 யூரோவுக்குள்ள வாங்கினது. மதிரான். தென்மேற்கு மூலை, பிரனீஸ் மலை அடிவாரம். திராட்சை பேர் தன்னா. பேர்லயே டானின் ஒலிக்குது, குணமும் அதேதான். கருநீலமா, மை மாதிரி.

முதல் மடக்குல அக்கா முகத்தைச் சுளிச்சாங்க. மாமா தண்ணி கேட்டார். எனக்கு ஈறெல்லாம் இறுகிடுச்சு.

பெரிப்பா ரெண்டாவது மடக்கு கேட்டார்.

"இது கடுக்காய் இல்ல. இது பட்டை. புதுசா இடிச்ச ஆவாரம்பட்டை, முதல் தண்ணி."

அப்புறம் சொன்னதை நான் அப்படியே எழுதறேன்.

"புதுப் பட்டைத் தண்ணில கையை விட்டா தோலைச் சுருக்கிடும். பச்சைத் தோலை அதுல போட்டா மேல மட்டும் இறுகி உள்ள பதம் ஏறாது. அதனால பழைய தண்ணில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கட்டியான தண்ணிக்கு மாத்துவோம். தோல் உள்ள போகப் போக தண்ணியோட வேகம் அடங்கிடும். தோல் அதைக் குடிச்சுடும். நாலு நாள் கழிச்சு அதே தண்ணியை நாக்குல வெச்சா சாதுவா இருக்கும்."

சொல்லிட்டு சுக்காவுலேர்ந்து கொழுப்பு இருக்கற ஒரு துண்டை எடுத்து மென்னார். மேல ஒரு மடக்கு மதிரான்.

"பாரு. தோலைப் போட்டாச்சு. அடங்கிடுச்சு."

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. ஏன்னா வேதியியல் அதேதான். தோல்ல இருக்கறது கொலாஜன்ங்கற புரதம், டானின் அதைப் பிடிச்சுக் கட்டிப்போடறதாலதான் தோல் பதமாகுது. நம்ம எச்சில்லயும் புரதம் இருக்கு. வைன்ல இருக்கற டானின் அந்தப் புரதத்தைப் பிடிச்சுக்கறதாலதான் வாய் வழுவழுப்பு போய் உலர்ந்து இழுக்குது. வாயில கறி இருந்தா டானின் கறியோட புரதத்தையும் பிடிக்கும், எச்சிலை விட்டுடும். அதனாலதான் மாட்டுக்கறி, ஆட்டுக்கறியோட ரெட் வைன்னு சொல்றாங்க. இதை எனக்குப் புத்தகத்துல பத்துப் பக்கம் சொன்னப்ப புரியல. பெரிப்பா ஒரு கறித்துண்டுல காட்டிட்டார்.

நாங்களும் அதே வரிசையில மறுபடி செஞ்சு பாத்தோம். போஜோலே, கோத் து ரோன், கறி, அப்புறம் மதிரான். பழைய தண்ணியிலேர்ந்து புதுத் தண்ணிக்கு. அக்கா இந்தத் தடவை முகம் சுளிக்கல.

மதிரான்: ஒண்ணாம் செலக்‌ஷன். "ஏற்றுமதித் தரம்"னு பெரிப்பா ஒரு வார்த்தை சேத்துக்கிட்டார். அவர் வாயிலேர்ந்து அது சுலபமா வராது.

*

சனிக்கிழமை சாயங்காலம் நாங்க அரிக்கமேடு வரைக்கும் போய்ட்டு வந்தோம். அரியாங்குப்பம் ஆத்தோரம், மாந்தோப்புக்கு நடுவுல. 1945-ல மார்டிமர் வீலர் தோண்டினப்ப மத்தியதரைக் கடல் பக்கத்துலேர்ந்து வந்த மண் ஜாடி உடைசல் நெறையக் கிடைச்சது, வைன் வந்த ஜாடிகளும் அதுல உண்டு. 2000 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கரையில அந்தச் சரக்கு இறங்கியிருக்கு. பெரிப்பா ரொம்ப நேரம் ஆத்தைப் பாத்துட்டு நின்னார். "இந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பிப் போன கப்பல்ல தோல் போயிருக்குமாடா?"னு கேட்டார்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கப் போறப்ப அவருக்கு ஒரு சந்தேகம். "வைன்ல இருக்கறது நெசமாவே நம்ம பட்டையில இருக்கறதுதானா? நாக்கு ஏமாத்தும். இரும்பு ஏமாத்தாது."

பட்டைக் குழி பக்கத்துல இரும்பு வாளி, இரும்புக் கம்பி எதையும் விடமாட்டாங்களாம். ஒரு ஆணி பட்டாலும் தோல்ல கருந்திட்டு விழுந்துடும், அப்புறம் அது கடைசி செலக்‌ஷன்தான். அந்தக் காலத்துல எழுதற மை செஞ்சதே கடுக்காயும் இரும்பும் சேத்துத்தான். மாமாகிட்ட ரெண்டு துருப்பிடிச்ச ஆணி வாங்கி, மிச்சமிருந்த மஸ்காடே ஒரு கிளாஸ்ல, மதிரான் ஒரு கிளாஸ்ல, கிளாஸுக்கு ஒண்ணாப் போட்டு சமையல்மேடையில வெச்சுட்டுத் தூங்கப் போனார்.

காலையில அஞ்சரை மணிக்கு என்னை எழுப்பிட்டார். மஸ்காடே லேசா கலங்கினாப்ல இருந்துச்சு, அவ்வளவுதான். மதிரான்ல செவப்பே இல்ல. ஆணியைச் சுத்தி கருகருனு, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, மையேதான்.

பெரிப்பா சுண்டு விரலை அதுல தொட்டு, மேசை மேல இருந்த காலண்டர் தாள் பின்பக்கம் '1'னு எழுதினார். காயற வரைக்கும் ஊதினார். அப்புறம் அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அக்கா காப்பி போட வந்தப்ப கிளாஸைப் பாத்துட்டு, "பெரிப்பா, இது என் கல்யாணத்துக்கு வந்த செட்டு!"ன்னாங்க.

"புளி போட்டுத் தேய்ம்மா, போயிடும்" அப்படின்னார். போகல.